தம்பிக்கு, ஆக்டோபஸ் வருவதற்கு முன்

சான் டியேகோ
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடு.

22-ஆம் தேதி வியாழக்கிழமை காலை பெட்டி வருகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. போனில் அவ்வளவு நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. நீயும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய், எதையும் குறித்து வைத்திருக்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒருமுறை முழுதாகப் படி. பிறகு அச்சடித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வை.

என்னிடம் முதல் ஆக்டோபஸ் வந்தபோது அம்மா, "பேய்க்கணவாயைப் போயி வீட்ல யாராச்சும் வளப்பாங்களா?" என்று கேட்டாள். தூத்துக்குடியில் கூடையில் வந்து இறங்கும் கணவாயைத்தான் அவளுக்குத் தெரியும். ஒருநாள் வீடியோ காலில் தொட்டியைக் காட்டினேன். அது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அது என்னையே பாக்குதுடி" என்றாள். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் முதலில் அதைத்தான் விசாரிப்பாள். உன் வீட்டிலும் அப்படித்தான் நடக்கப்போகிறது. பாப்பா அதனோடு பேச ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

நீ தேர்ந்தெடுத்தது சரியான இனம். கலிஃபோர்னியா இரட்டைப்புள்ளி ஆக்டோபஸ் இந்தக் கரைக்கே உரியது. இங்கே லா ஹோயாவில் கடல் வற்றும் நேரம் பாறைக் குழிகளில் தேடினால் இன்றைக்கும் கண்ணில் படும். நிஜக் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீல வளையத்தோடு ஒரு பொய்க்கண் இருக்கும், பேர் வந்தது அதனால்தான். ஆக்டோபஸ்களிலேயே வீட்டுத் தொட்டிக்குக் கொஞ்சமாவது ஒத்துப்போவது இதுதான். பகலிலும் நடமாடும். உருவம் கைக்கு அடங்கும். இதன் முட்டை பெரியது. பொரிந்த குஞ்சு தண்ணீரில் மிதந்து அலையாமல் முதல் நாளே தரையில் ஊர்ந்து இரை தேடும், அதனால் பண்ணையில் வளர்க்க முடிகிறது. பண்ணைக் குஞ்சைத்தான் வாங்கினேன் என்று நீ சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கடலில் பிடித்து விற்கும் ஆக்டோபஸுக்கு வயது என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒன்று, ஒன்றரை வருஷமே வாழ்கிற உயிர் இது, அதில் ஒரு வருஷம் கழிந்துபோனதைக்கூட நம் தலையில் கட்டிவிடுவார்கள். பாப்பா ஏதாவது படத்தைப் பார்த்துவிட்டு நீல வளைய ஆக்டோபஸ் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தப் பேச்சையே எடுக்கவிடாதே. அது வேறு இனம். ஒரு கடியில் மூச்சை நிறுத்தும் விஷம், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், தம்பி. வேலை முழுவதும் அது வருவதற்கு முன்னால். வந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இரு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டியை அரைகுறையாக வைத்துவிட்டு, ஆக்டோபஸ் வந்ததும் அதைத் தொட்டு, தட்டி, கிளறிச் சாகடிக்கிறார்கள்.

முதலில் தண்ணீர். தொட்டி மூன்று மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்றாய், நல்லது. அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கவும், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கவும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற அவ்வளவு காலமாவது கொடுக்க வேண்டும். ஆனால் மீனுக்குப் போதும் என்கிற கணக்கு இதற்குச் செல்லாது. ஆக்டோபஸ் வயிறு முட்டத் தின்னும், அதற்கு ஏற்றபடி கழிவும் விடும். 75 கேலன் தொட்டி, அதாவது ஏறக்குறைய 280 லிட்டர், ஒரே ஒரு ஆக்டோபஸுக்குப் பெரிது என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதே. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். உப்பின் அடர்த்தி 1.025, 1.026-இல் ஆடாமல் நிற்க வேண்டும். ஆக்டோபஸின் உடம்பில் உள்ள உப்பு வெளித் தண்ணீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும், அதை எதிர்த்து நிற்கிற ஏற்பாடு அதன் உடம்பில் இல்லை. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வாரம் ஒருதரம் சரிபார்த்துவிட்டு அளந்து பார்.

அடுத்ததை இரண்டு தரம் படி. நீ வாங்கியது பழைய தொட்டி. முன்பு வைத்திருந்தவர் அதில் என்ன மருந்து போட்டார் என்று விசாரித்தாயா? கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து ஊற்றுவது வழக்கம். மீன் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கல்லும் மணலும் அந்தச் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பல மாதம் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். ஆக்டோபஸின் ரத்தம் நீலம். நமக்கு இரும்பு செய்கிற வேலையை அதன் ரத்தத்தில் செய்வது செம்புதான். அப்படியிருந்தும் தண்ணீரில் கரைந்த செம்பு துளியளவு இருந்தாலே செத்துப்போகும். பழைய கல்லையும் மணலையும் அப்படியே வைத்திருக்கிறாய் என்றால் சோதனைக் கிட் வாங்கி உடனே பார். குழாய்த் தண்ணீரையும் நேராக ஊற்றாதே. இந்த நாட்டில் நிறைய வீடுகளில் செம்புக் குழாய்தான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கலந்து பயன்படுத்து.

சேக்ரமென்டோவில் கோடையில் நூறு டிகிரி தாண்டுவது சகஜம். உன் தொட்டிக்கு வேண்டியது 65 டிகிரி, நம் ஊர்க் கணக்கில் 18 செல்சியஸ். ஒன்றிரண்டு டிகிரி கூடினால் பரவாயில்லை, ஆனால் 72-ஐத் தாண்டவே கூடாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது, ஏ.சி.யை நம்பாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறையும். அதோடு ஆக்டோபஸின் உடம்பு வேகமாக ஓடி, தின்பதும் வளர்வதும் கிழடு தட்டுவதும் எல்லாமே சீக்கிரம் நடந்துவிடும். இருப்பதே குட்டி ஆயுள், அதையும் சூட்டில் கரைக்க வேண்டாம். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வை.

இனி மூடி. இதைப் பற்றி நான் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஆக்டோபஸின் உடம்பில் கெட்டியான பாகம் வாயிலிருக்கும் கிளி மூக்கு மாதிரியான அலகு ஒன்றுதான். அது நுழையும் இடத்தில் முழு உடம்பும் நுழையும். உனக்கு வரப்போவது கட்டைவிரல் அளவு, அதன் அலகு எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நீயே யோசி. ஒயர் போவதற்காக மூடியில் வெட்டி வைத்த இடைவெளி, தண்ணீர் வழிந்தோடும் ஓவர்ஃப்ளோவின் பல் இடுக்கு, பம்ப் தண்ணீரை இழுக்கும் வாய் என்று எல்லாமே அதற்கு வாசல்தான். 2016-இல் நியூசிலாந்தில் நேப்பியர் நகரத்து மீன் காட்சியகத்திலிருந்து இங்கி என்கிற ஆக்டோபஸ் தப்பித்த செய்தியைப் படித்திருப்பாய். மூடி சரியாகச் சாத்தப்படாமல் இருந்திருக்கிறது. வெளியே இறங்கி, தரையில் நகர்ந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்கே போய்விட்டது. அதன் நல்ல நேரம், அந்தக் குழாய் கடலில் முடிந்தது. உன் வீட்டில் அது போய்ச் சேரும் இடம் சோபாவுக்கு அடியில் இருக்கும் கார்ப்பெட்.

2009-இல் இங்கே சான்டா மோனிகா பியர் காட்சியகத்தில் நடந்தது இன்னும் பொருத்தமானது, ஏனென்றால் அது உனக்கு வரப்போகிற இதே இனம். ராத்திரியில் தொட்டிக்கு மேலே இருந்த ஒரு வால்வை இழுத்துத் திருப்பிவிட்டது. 200 கேலன் கடல்நீர் தரையெல்லாம் ஓடியது, காலையில் வந்தவர்கள் ஈரத் தரையில்தான் கால் வைத்தார்கள். ஆக்டோபஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பிப்பதற்காக இதைச் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. கைக்கு எட்டியதை இழுத்துப் பார்ப்பது அதன் இயல்பு. ஆகவே தப்பிக்குமா என்று மட்டும் யோசிக்காதே, உள்ளே எதை இழுக்க முடியும் என்றும் பார். தெர்மாமீட்டர், ஹீட்டர், காந்தத் துடைப்பான் எதுவும் உள்ளே இருக்க வேண்டாம். மூடியை நான்கு மூலையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கு, மேலே கனம் வை. பம்ப்பின் வாய்க்கு ஸ்பாஞ்ச், ஓவர்ஃப்ளோவுக்குப் பிளாஸ்டிக் வலை. பெரிய காட்சியகங்களில் தொட்டியின் விளிம்பைச் சுற்றிச் செயற்கைப் புல் விரிப்பு ஒட்டியிருப்பார்கள், ஆக்டோபஸின் கையிலுள்ள உறிஞ்சிகளுக்கு அதில் பிடி கிடைக்காது. நீயும் ஒட்டு. செலவு அதிகமில்லை.

கூட வேறு எதையும் விடாதே. மீன் வேண்டாம், ஒன்று இரையாகும், இல்லையென்றால் ராத்திரியில் ஆக்டோபஸைக் கொத்தும். கடல் சாமந்தியும் பவளமும் அதன் தோலைச் சுட்டுவிடும். கடல் முள்ளெலி ஒன்றிரண்டு இருக்கலாம். இருக்கிற இடத்தில் பொந்துகள் நிறைய வை. வாய் குறுகி, உள்ளே அகலமாக இருக்கும் பொந்துதான் அதற்குப் பிடிக்கும். நீ ஆசையாகக் கட்டி வைத்த குகையை விட்டுவிட்டு ஒரு உடைந்த சங்குக்குள் போய் உட்கார்ந்தால் மனசு கோணாதே. அதன் வீட்டை அதுதான் தேர்ந்தெடுக்கும்.

வியாழக்கிழமைக்கு வருவோம். லீவு போட்டுவிடு. பாப்பா பள்ளிக்குப் போகட்டும்.

பெட்டி வந்ததும் அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திற. தெர்மோகோல் பெட்டியில் இரட்டைப் பை இருக்கும். பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்க விடு, வெப்பம் சமமாகட்டும். தண்ணீர் கறுத்திருக்கிறதா என்று அப்போதே பார். வழியில் பயந்து மை விட்டிருந்தால், அந்தச் சின்னப் பைக்குள் அதன் மையே அதன் செவுளை அடைத்துவிடும். அப்படியிருந்தால் காத்திருக்காதே, தொட்டித் தண்ணீர் நிரப்பிய சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு எனக்கு போன் செய்.

தண்ணீர் தெளிவாக இருந்தால் பையைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து மூடியுள்ள ஒரு வாளியில் மெதுவாக இறக்கு. மூடி இருக்கட்டும், வாளியிலிருந்தும் ஏறி வரும். தொட்டியிலிருந்து ஒரு ஏர் டியூப் வழியாக வாளிக்குத் தண்ணீர் இறங்கட்டும். டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வரும். அந்த வேகம் போதும். வாளியில் தண்ணீர் இரண்டு மடங்கு ஆனதும் பாதியை எடுத்துக் கொட்டு, மறுபடியும் சொட்ட விடு. வாளியின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போகும்வரை இப்படியே. இதில் ஒரு சிக்கல் உண்டு. பை மூடியிருக்கும்போது அதன் மூச்சில் வந்த கரியமில வாயு தண்ணீரைப் புளிக்க வைத்திருக்கும், அந்தப் புளிப்பில் அமோனியா அதிகம் கெடுக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அதே அமோனியா விஷமாக மாறத் தொடங்கும். அதனால் நாள் முழுக்க இழுத்தடிக்கவும் கூடாது. இதற்கு ஒரே வழி, பண்ணைக்காரர்கள் எந்த உப்பளவில் அனுப்புகிறார்கள் என்று இப்போதே கேட்டு உன் தொட்டியை அந்த அளவுக்குக் கொண்டுவந்து வைப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் வாளியில் அதிக நேரம் நிறுத்த வேண்டியிருக்காது.

தொட்டியில் விடும்போது வலை போடாதே, உறிஞ்சிகள் வலைக்கண்ணில் மாட்டித் தோல் கிழியும். ஒரு கிண்ணத்தில் தானாக ஏற விட்டு, கிண்ணத்தைத் தொட்டிக்குள் முக்கி, அது இறங்கும்வரை பிடித்துக்கொண்டிரு. என்னுடையது இறங்கவே இல்லை. எட்டுக் கையாலும் கிண்ணத்தைப் பற்றிக்கொண்டு வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. என் கை மரத்துப்போனது. பிறகு ஒரே ஒரு கை, அதன் நுனி மட்டும், கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வந்து கல்லைத் தொட்டது. தொட்டுவிட்டு உள்ளே போனது. மறுபடியும் வந்தது. இந்த முறை இரண்டு உறிஞ்சி ஒட்டின, உடம்பு பழுப்புக்கு மாறியது, மீதி எல்லாம் ஒரே இழுப்பில் கல் இடுக்குக்குள் போய்விட்டது. நீ பிய்த்து எடுக்கவோ, குலுக்கி இறக்கவோ பார்க்காதே. எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

அன்றைக்கு முழுவதும் தொட்டி விளக்கு வேண்டாம். பார்க்க வேண்டும் என்றால் சிவப்பு விளக்கு போடு. அதன் கண் நன்றாக உணர்வது நீல, பச்சை ஒளியைத்தான், சிவப்பு அநேகமாக இருட்டு மாதிரியே.

இதற்குப் பிறகுதான் உனக்குக் கஷ்டமான பகுதி. ஒன்றும் செய்யக் கூடாது.

முதல் சில நாள் அது கண்ணிலேயே படாமல் போகலாம். பொந்தின் வாயைக் கல்லும் சிப்பியும் வைத்து அடைத்துக்கொள்ளும். சாப்பிடாமலும் இருக்கும். செத்துவிட்டதோ என்று நீ கல்லைத் தூக்கிப் பார்க்கப் போவாய். தூக்காதே. பாப்பா கண்ணாடியில் தட்டாமல் பார்த்துக்கொள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், இரண்டு செவுளுக்கு, ஒன்று மீதி உடம்புக்கு. தண்ணீரைப் பீய்ச்சி நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திவிடும். அதனால்தான் நீந்துவதைவிட ஊர்வதையே அது விரும்புகிறது. பயந்து தொட்டி முழுக்க ஓட வைத்தால் அது எவ்வளவு களைத்துப்போகும் என்பது உனக்கு இப்போது புரியும். வெளிறிப்போய் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தாலோ, மை விட்டாலோ தண்ணீரை உடனே சோதித்துப் பார். தண்ணீரை மாற்ற, கலந்து வைத்த உப்புநீர் தொட்டியின் கால்வாசி அளவுக்கு எப்போதும் தயாராக இருக்கட்டும், வடிகட்டியில் போடக் கரியும் இருக்கட்டும்.

தூங்கும்போது அதன் மேல் நிறம் அலையலையாக ஓடும். முதலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது, வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்தேன். பிரேசிலில் 2021-இலும், ஜப்பானில் ஒகினாவாவில் 2023-இலும் இதை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆக்டோபஸ் வெளுத்து அசையாமல் தூங்கும், நடுநடுவே சில நொடி, சில சமயம் ஒரு நிமிஷம்போல, நிறமும் கண்ணும் கையும் துடிக்கிற இன்னொரு தூக்கம் வரும். கனவா என்று பாப்பா கேட்பாள். இருக்கலாம் என்று சொல். எழுப்ப மட்டும் விடாதே.

முதல் இரையாக உயிருள்ள சின்ன நண்டு ஒன்றை விடு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்குமே, அந்த நண்டு கடைகளில் கிடைக்கும். குஞ்சின் தலையைவிடச் சிறியதாகப் பார்த்து எடு. மாலையில் விட்டுவிட்டு விளக்கை அணைத்துப் போய்ப் படு. காலையில் பொந்தின் வாசலில் காலியான ஓடு கிடந்தால் அது குடி வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குத் தவறாமல் சொல். நண்டு உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுநாள் பார். சாப்பிடத் தொடங்கிய பிறகு உறைந்த இறாலைக் கரைத்து நீளக் குச்சி நுனியில் காட்டலாம். மசாலாவோ பதப்படுத்தும் மருந்தோ சேர்க்காத இறாலாகப் பார்த்து வாங்கு. மட்டியும் கொடு, மூடிய மட்டியை அது துளை போட்டோ, பிளந்தோ திறப்பதைப் பாப்பா பார்க்க வேண்டும். மிச்சம் மீதியை அன்றன்றே எடுத்துவிடு, மணலுக்கடியில் அழுக விட்டால் தண்ணீர் கெடும்.

நண்டைப் பிடிப்பதை நீ ஒருநாள் கட்டாயம் பார்ப்பாய். பொந்துக்குள்ளிருந்து முதலில் கண் மட்டும் எழும்பும். உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கண்ணின் நடுக்கோடு மட்டம் தவறாமல் படுக்கையாகவே நிற்கும். மெதுவாக நகர்ந்து வரும், தோலில் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும், நீ கண்ணை இமைத்தால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் அதற்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதன் கண்ணில் ஒரே வகை உணர்செல்தான். ஒரு பாய்ச்சல். கைகளுக்கு நடுவில் உள்ள சவ்வு விரிந்து நண்டு மொத்தமும் அதற்குள் போய்விடும். ஒரு சத்தமும் இருக்காது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

தொடுவதற்கு அவசரப்படாதே. அதுவே வரும். ஒரு நாள் நீ குச்சியை நீட்டும்போது குச்சியை விட்டுவிட்டு உன் விரலைத் தேடி ஒரு கை வரும். அதற்கு முன் கையைச் சோப்பின் மிச்சம்கூட இல்லாமல் வெறும் தண்ணீரில் பலமுறை கழுவு. கிரீம், சென்ட், வெயிலுக்குத் தடவும் லோஷன் எதுவும் கூடாது. ஆக்டோபஸ் உறிஞ்சியால் தொடுவது மட்டுமில்லை, சுவைக்கவும் செய்கிறது. ஹார்வர்டில் 2020-இல் இதே இரட்டைப்புள்ளி இனத்தை வைத்து, உறிஞ்சிகளில் அதற்கென்றே தனி உணர்செல்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் சுமார் 50 கோடி நரம்பு செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. உன் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது உன்னை ருசி பார்த்துத் தெரிந்துகொள்கிறது. கையை வெடுக்கென்று இழுக்காதே. அதுவே விடும். சில சமயம் லேசாகக் கடிக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் பாப்பாவின் கையை இப்போதைக்குத் தொட்டிக்குள் விட வேண்டாம்.

ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பதையும் நினைவில் வை. ஜெனிஃபர் மாதர், ரோலண்ட் ஆண்டர்சன் என்று இரண்டு பேர் சியாட்டில் காட்சியகத்தில் 44 சிவப்பு ஆக்டோபஸ்களைச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு என்று 1993-இல் எழுதினார்கள். ஒன்று பாய்ந்து வரும், ஒன்று ஒதுங்கியே கிடக்கும். அதே இருவர் பிறகு பெரிய பசிபிக் ஆக்டோபஸ்களின் தொட்டியில் காலி மாத்திரைப் புட்டியை மிதக்க விட்டார்கள். சில ஆக்டோபஸ்கள் புட்டியை நீர்வரத்துப் பக்கம் ஊதித் தள்ளி, அது திரும்பி வர வர மறுபடி மறுபடி ஊதின. விளையாட்டு என்று சொல்லாமல் அதை வேறு எப்படிச் சொல்வது? உன்னுடையது பழகியதும் மூடி போட்ட ஜாடிக்குள் நண்டை வைத்துக் கொடு. அதற்கு வேலை வேண்டும், சும்மா இருக்கும் ஆக்டோபஸ் வாடிப்போகும். ஆனால் உன்னுடையது கூச்ச சுபாவமாக இருந்தால் வீடியோக்களில் வருவதுபோல் இல்லையே என்று ஏங்காதே. பொந்துக்குள்ளிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டே அது தன் காலத்தைக் கழிக்கலாம். அதுவும் அதன் உரிமைதான்.

பாப்பாவுக்கு ஒரு கதை சொல். கண்ணாடித் தொட்டி பிறந்த கதையில் ஆக்டோபஸ் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஜான் வில்ப்ரூ பவர் என்று பிரான்சில் பிறந்த ஒரு பெண்மணி சிசிலித் தீவில் மெசினாவில் வாழ்ந்தார். மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் வாழும் ஆர்கோநாட் என்கிற ஆக்டோபஸ் அந்த ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறு ஒன்றிடமிருந்து பறித்துக்கொள்கிறதா என்று அந்தக் காலத்தில் பெரிய வழக்கு. உயிரோடு வைத்துப் பார்த்தால்தானே தெரியும் என்று 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்தார். பார்த்தார், தானே செய்கிறது என்று காட்டினார். அவர் தொட்டி செய்தது அழகு பார்க்க அல்ல, பொறுமையாக உட்கார்ந்து பார்க்க. பாப்பாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடு, தினமும் பார்த்ததைத் தேதி போட்டு எழுதட்டும்.

கடைசியாக ஒன்று, இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. அது பெண்ணாக இருந்தால் ஒரு நாள் பொந்துக்குள் முட்டையிடும். ஆண் கூட இல்லாவிட்டாலும் பொரியாத முட்டையை இட்டு அடைகாக்கும். அன்றிலிருந்து சாப்பிடாது. என்னுடையது அப்படித்தான் போனது. நண்டைக் காட்டினால் தள்ளிவிட்டு, முட்டைமேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியின் வேலை அது. 1977-இல் வோடின்ஸ்கி என்கிற விஞ்ஞானி அந்தச் சுரப்பியை அறுத்து எடுத்துப் பார்த்தார், தாய் முட்டையை விட்டுவிட்டுத் திரும்பவும் தின்ன ஆரம்பித்து இன்னும் கொஞ்ச காலம் வாழ்ந்தது. ஆணும் வயதானால் ஏறக்குறைய இப்படியே சாப்பாட்டை விட்டு, தோல் வெளுத்து அடங்கும். உன்னால் அதைத் தடுக்க முடியாது, உன் குற்றமும் இல்லை. பாப்பாவிடம் இதை முதல் வாரத்திலேயே அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடு. மறைத்துவிட்டு ஒருநாள் காலையில் காட்டாதே.

இவ்வளவும் படித்துவிட்டு மலைத்துப்போகாதே. நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் மொட்டை மாடியில் அடிபட்ட புறாவுக்கு வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் நீ.

இப்போதைக்கு ஒரே வேலை. நாளைக்கே செம்புச் சோதனைக் கிட் வாங்கி, தொட்டித் தண்ணீரைச் சோதித்து, என்ன வந்தது என்று செவ்வாய்க்கிழமைக்குள் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. பூஜ்யம் காட்டினால் சரி. ஒரு கீற்று நிறம் மாறினாலும் பண்ணைக்குப் போன் செய்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு. கல்லையும் மணலையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. முன்பணம் போனாலும் போகட்டும், அதை நான் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா